இறங்கு தம்பி!

எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் புத்தகத்தில் கடைசியாகக் குடிமையியல் என்று ஒரு பகுதி இருந்தது. பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். அசோகரில் ஆரம்பித்து அக்பர் வரை ஒவ்வொருவராக ஆண்டு முடித்து, தக்காணத்துக் கரிசல் மண்ணையும் கிளறி முடிப்பதற்குள் மார்ச் வந்துவிடும். "குடிமையியலை நீங்களே பாத்துக்குங்கடா" என்று சொல்லிவிட்டு வாத்தியார் ரிவிஷனுக்குப் போய்விடுவார். மக்களாட்சி பற்றி எனக்குக் கிடைத்த மொத்தக் கல்வியும் அந்த ஒரு வரிதான். பின்னாளில் பார்த்தால், சுருக்கமாக இருந்ததே தவிர அதில் தப்பு ஒன்றும் இல்லை.

செய்முறைத் தேர்வும் உண்டு. மாணவர் தலைவர் தேர்தல். சீட்டுக் கிழித்து, பேர் எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போட்டோம். தலைமையாசிரியர் டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துப்போய்த் தனியாக எண்ணினார். முடிவை அறிவித்தபோது ஜெயித்தவனுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் தேர்தலில் நிற்கவே இல்லை.

இதெல்லாம் எதற்கு இப்போது என்கிறீர்களா? வருஷாவருஷம் ஜனவரி 25 வருகிறது. தேசிய வாக்காளர் நாள். யாராவது ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, "இளைஞர்களே, ஏதென்ஸைப் பாருங்கள்! அங்கே ஒவ்வொரு இளைஞனும் நாட்டு விவகாரத்தில் எப்படி முழங்கினான் தெரியுமா?" என்று முழங்குகிறார். சரி, பார்த்துவிடுவோம் என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பெரிய மனிதர் பார்க்கவில்லை என்பது மட்டும் முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

நம் ஊரில் 18 வயது ஆனால் படிவம் 6. ஏதென்ஸிலும் 18-தான். அந்த நாடு 139 ஊர்களாகப் பிரிந்திருந்தது. அப்பா பையனைத் தன் ஊர்க் கூட்டத்துக்கு அழைத்துப்போவார். ஆதார் கிடையாது, பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பையனை நடுவில் நிறுத்தி, ஊரே ஏற இறங்கப் பார்த்து, சத்தியம் செய்து ஓட்டுப் போடும்: இவனுக்கு 18 ஆகிவிட்டதா? இவன் முறையாகப் பிறந்த குடிமகனா? வயது குறைந்த பையனை உள்ளே விட்டது பின்னால் தெரிந்தால் ஊர்க்காரர்களுக்கு அபராதம். ஆகவே கன்னத்தில் நாலு முடி முளைத்த பிறகு வருவதே எல்லோருக்கும் நல்லது.

'இவன் குடிமகனே இல்லை' என்று ஊர் சொல்லிவிட்டால் பையன் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஜெயித்தால் பட்டியலில் பேர் ஏறும். தோற்றால்? அரசாங்கம் அவனை அடிமையாக விற்றுவிடும். வாக்காளர் பட்டியலில் பேர் விடுபட்டுப்போனதற்குத் தாலுகா ஆபீஸில் நாலு நடை நடந்தேன் என்று புலம்புகிறோமே, நாமெல்லாம் எவ்வளவு பாக்கியசாலிகள்!

இதையெல்லாம் எழுதி வைத்தது அரிஸ்டாட்டிலும் அவருடைய பள்ளியும். ஏதென்ஸின் அரசியல் அமைப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். ஆனால் அரிஸ்டாட்டிலின் சொந்த ஊர் வடக்கே ஸ்டாகிரா. ஏதென்ஸில் அவர் வெளியூர்க்காரர். அந்த மக்களாட்சிக்குப் பாடப்புத்தகம் போட்டவருக்கே அங்கே ஓட்டு கிடையாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி, பேர் ஏறிவிட்டது. நாளைக்கே போய் நாட்டை ஆளலாமா? பொறுங்கள். அரிஸ்டாட்டில் காலத்து நிலவரப்படி முதலில் இரண்டு வருஷம் ராணுவப் பயிற்சி. கூடவே ஓர் உறுதிமொழி: ஆயுதத்துக்கு இழுக்கு வராமல் காப்பேன், பக்கத்தில் நிற்பவனை விட்டு ஓடமாட்டேன், சட்டத்துக்குக் கட்டுப்படுவேன். தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்த பிறகு கோதுமை, பார்லி, திராட்சை, ஆலிவ், அத்தி ஆகியவற்றையும் சாட்சிக்கு அழைப்பார்கள். உறுதிமொழியின் கடைசி வரி மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருக்கும்.

பயிற்சியில் ஈட்டி எறிதல் உண்டு, வில் உண்டு, கவண்பொறி கூட உண்டு. மக்கள் சபையில் எப்படிப் பேசுவது, எதிராளி சொல்வதை எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் பீரியட் ஒதுக்கவில்லை. கவண்பொறி தெரிந்தால் போதும் என்று விட்டிருக்கலாம்.

20 வயதில் ஒருவழியாகச் சபைக்கு வரலாம். ஆனால் 500 பேர் ஆட்சிக்குழுவிலோ நீதிமன்றத்திலோ உட்கார 30 ஆக வேண்டும். சபையிலாவது பேசலாமா என்றால், பேசலாம். 'யார் பேச விரும்புகிறீர்கள்?' என்று கட்டியக்காரர் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்பார். ஆனால் பழைய வழக்கப்படி 50 வயதைத் தாண்டியவர்கள் முதலில் பேசி முடிக்க வேண்டும், அப்புறம் மற்றவர்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் பேசி முடித்த சம்பவம் உலக வரலாற்றில் எங்காவது பதிவாகியிருந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.

இந்த இடத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் "அப்ப நம்ம உத்திரமேரூர்?" என்று கை தூக்குகிறார். தூக்குவார் என்று தெரியும். முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 920 வாக்கில் வெட்டிய கல்வெட்டு, குடவோலை, எல்லாம் பெருமைதான். கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் நிற்கவே முடியாது என்ற விதியைப் படிக்கும்போது எனக்கும் கண் கலங்குகிறது. ஆனால் அங்கே நிற்பதற்கு வயது 35-லிருந்து 70. நிலம் வேண்டும், சொந்த வீடு வேண்டும், வேதம் தெரிய வேண்டும். இளைஞர் பங்கேற்பு அறவே இல்லையா என்றால், இருக்கிறது. குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுத்துக் கொடுக்க ஒரு சின்னப் பையன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் அவனுக்கு வேண்டிய தகுதி.

ஏதென்ஸுக்கே திரும்புவோம். இப்படி வடிகட்டி வடிகட்டி உரிமை கொடுத்தார்களே, அந்த உரிமை பெற்றவர்கள் விடிகாலையிலேயே சபையில் முட்டிமோதினார்களா?

கி.மு. 425-ல் அரிஸ்டோஃபனீஸ் போட்ட நாடகம் ஒன்று. திரை தூக்கினால் – திரை கிடையாது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன் – சபை கூடும் பினிக்ஸ் குன்றில் ஒரே ஒரு விவசாயி உட்கார்ந்திருக்கிறார். வேறு ஈ காக்காய் இல்லை. கொட்டாவி விடுகிறார், சோம்பல் முறிக்கிறார், மண்ணில் ஏதோ கிறுக்குகிறார், அச்சில் ஏற்ற முடியாத இன்னொன்றும் விடுகிறார். ரேஷன் கடை திறக்கக் காத்திருப்பவரின் சகல லட்சணமும் பொருந்தியிருக்கிறது. ஊர் எங்கே? கீழே சந்தையில், வம்பளந்துகொண்டு.

அதற்காகத்தான் கயிறு. செங்காவி மண்ணில் தோய்த்த நீளமான கயிறு. காவி என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள், இது வெறும் மண். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சந்தையை அப்படியே வலை போட்டு அரித்துக் குன்றை நோக்கி ஓட்டுவார்கள். கயிறு பட்டவன் துணியில் சிவப்புக் கறை. கறையோடு பிடிபட்டால் தண்டம் என்றும் சொல்வார்கள். நமக்கு ஓட்டுப் போட்டால் விரலில் மை. அவர்களுக்கு ஓட்டுப் போடாமல் நழுவினால் முதுகில் மை.

சபையில் ஒழுங்கு காக்கும் வேலை சித்திய வில்லாளிகளுடையது. இவர்கள் ஏதென்ஸ் அரசுக்குச் சொந்தமான அடிமைகள். மேடையில் உளறுபவரைக் குண்டுக்கட்டாக இறக்குவதும் இவர்கள்தான். ஓட்டு இல்லாதவன், ஓட்டு இருப்பவனைப் பிடித்து இழுக்கிற காட்சியை ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கற்பனை செய்து பாருங்கள். சம்பளமும் சரியாக வந்திருந்தால் நிறைவான வேலைதான்.

கயிறு அறுந்த பிறகு காசு. கி.மு. 403-க்கு அப்புறம் அகிரியஸ் என்ற தலைவர், சபைக்கு வந்தால் ஆளுக்கு 1 ஓபல் காசு என்று அறிவித்தார். உடனே ஹெராக்ளிடிஸ் என்பவர் 2 ஓபல் என்றார். அகிரியஸ் சும்மா இருப்பாரா? 3! நம் தேர்தல் அறிக்கைகளில் மிக்ஸியும் கிரைண்டரும் ஒன்றையொன்று துரத்தியதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏலம் புதிதாக இருக்காது. நடுவில் ஏற்றிவிட்ட ஹெராக்ளிடிஸுக்கு ஊர் வைத்திருந்த பட்டப்பெயர் என்ன தெரியுமோ? ராஜா. மக்களாட்சிக்கு ரேட்டை உயர்த்தியவர் ராஜா!

3 ஓபல் என்றதும் குன்று நிரம்பிவிட்டது. பிற்பாடு அதே அரிஸ்டோஃபனீஸ் வேறு நாடகம் போடுகிறார். அதில் ஏதென்ஸ் பெண்கள் பொய்த் தாடி ஒட்டிக்கொண்டு, புருஷன்மாரின் சட்டையை மாட்டிக்கொண்டு, விடியுமுன் சபையில் இடம் பிடித்து, 'இனி ஆட்சி பெண்கள் கையில்' என்று தீர்மானம் நிறைவேற்றிவிடுகிறார்கள். உடுத்த ஒன்றும் கிடைக்காமல் மனைவியின் சேலைக்குச் சமமான ஒன்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார் கணவர். சபை கலைந்துவிட்டது என்று கேள்விப்படும்போது அவருக்கு முதல் கவலை, 3 ஓபல் போச்சே என்பதுதான்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், அதற்கு ஒரு தலைமுறை முன்பே, ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸ் பேசினார். கி.மு. 431-ல் போரில் இறந்தவர்களுக்கான அந்த அஞ்சலி உரையை இன்றுவரை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பொதுக் காரியத்தில் சேராதவன் பயனற்றவன் என்பது சாராம்சம். கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்க்கும். பெரிக்ளீஸ் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள், எப்போதும் தலைக்கவசத்தோடு இருப்பார். வீரம் என்று நினைத்தீர்களா? மண்டை நீளமாக இருந்ததை மறைக்கத்தான் என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க். நாடகக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'காட்டு வெங்காயத் தலையர்'.

வெங்காயத்தை விடுங்கள். இந்தப் பெரிக்ளீஸ் இளைஞராக இருந்தபோது எத்தனை சபையில் முழங்கினார்? அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முகமும் குரலும் பழைய சர்வாதிகாரி பைசிஸ்ட்ராட்டஸை அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று ஊர்க் கிழவர்கள் திடுக்கிட்டார்களாம். எங்கே நாடு கடத்திவிடுவார்களோ என்று பயந்து, பையன் ராணுவத்தில் போய் ஒளிந்துகொண்டார். இளைஞர்களே வாருங்கள் என்று கூப்பிடும் பெரியவரின் இளமைக் காலத்தை மட்டும் விசாரிக்கவே கூடாது.

அவர் வீட்டிலேயே ஓர் இளைஞன் வளர்ந்தான். அல்சிபியாடீஸ். அப்பா போரில் இறந்துவிட, அம்மா வழிச் சொந்தமான பெரிக்ளீஸ் காப்பாளர் ஆனார். நம் கணக்கில் மாமா முறை. 20 கூட ஆகாத மருமகன் ஒருநாள் மாமாவிடம் வந்து, சட்டம் என்றால் என்ன என்று கேட்டதாக அந்தக் காலத்து எழுத்தாளர் செனஃபோன் எழுதுகிறார். சபை கூடி முடிவு செய்வதே சட்டம் என்றார் மாமா. நாலு பணக்காரர்கள் கூடி முடிவு செய்தால்? அதுவும் சட்டம். சர்வாதிகாரி தன்னிஷ்டத்துக்குப் போட்டால்? அதுவும். அடுத்தவர் சம்மதமில்லாமல் பலவந்தமாகத் திணித்தால்? அது சட்டமில்லை. அப்படியானால் சபையே பணக்காரர்களின் சம்மதமில்லாமல் அவர்கள் மேல் ஒன்றைத் திணித்தால் மாமா? மாமாவுக்கு வேர்த்துவிட்டது. உன் வயதில் நாங்களும் இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர்கள்தான் என்று சமாளித்தார். ஐயோ, நீங்கள் கெட்டிக்காரராக இருந்த காலத்தில் உங்களைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்றான் மருமகன்.

இவனுடைய அரசியல் பிரவேசத்தைச் சொல்ல வேண்டும். தெருவில் போய்க்கொண்டிருந்தான், சபையிலிருந்து ஒரே கைதட்டல். என்னவென்று விசாரித்தால், ஆளாளுக்கு அரசுக்கு நன்கொடை கொடுக்கிறார்களாம். கைதட்டல் கிடைக்கும் இடத்தில் அல்சிபியாடீஸ் இல்லாமலா? நேரே மேடைக்குப் போய்த் தானும் கொடுத்தான். ஊரே ஆர்ப்பரித்தது. அந்தச் சந்தோஷத்தில் மேலங்கிக்குள் ஒரு காடையை வைத்திருந்ததையே மறந்துவிட்டான். காடை படபடவென்று பறந்தது. ஏதென்ஸ் மக்களாட்சி அன்றைய அலுவல்களை ஒத்திவைத்துவிட்டுக் காடை பிடிக்கக் கிளம்பியது.

பிடித்தவர் அன்டியோக்கஸ் என்ற மாலுமி. நம் ஊரில் காடை பிடித்தவர் திருப்பிக் கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம், அவர் கொடுத்தார். அன்றிலிருந்து அல்சிபியாடீஸுக்கு உயிர் நண்பர். பல வருஷம் கழித்து, கி.மு. 406 வாக்கில், நோட்டியத்தில் ஏதென்ஸ் கடற்படையை இவர் பொறுப்பில் விட்டுவிட்டு, நான் வரும்வரை சண்டைக்குப் போகாதே என்று சொல்லிவிட்டுப் போனான் அல்சிபியாடீஸ். மாலுமி போனார், தோற்றார், உயிரையும் விட்டார். காடை பிடித்தவருக்குக் கப்பற்படை கொடுத்தால் என்ன ஆகும் என்பது அன்றைய குடிமையியல் பாடத்தில் இல்லை போலும்.

நடுவில் சிசிலிப் படையெடுப்பு என்ற மகா அசட்டுத்தனம். கி.மு. 415. அல்சிபியாடீஸ் போகலாம் என்கிறான். மூத்தவர் நிக்கியாஸ், இந்தச் சின்னப் பயல்கள் பேச்சைக் கேட்காதீர்கள் என்கிறார். சின்னப் பயலுக்கு அப்போது வயது 35 இருக்கும்! எடுபடவில்லை. சரி, பயமுறுத்திப் பார்ப்போம் என்று, போவதென்றால் ஏகப்பட்ட கப்பலும் படையும் வேண்டுமே என்று நிக்கியாஸ் கணக்கை ஏற்றிச் சொன்னார். சபை ஆனந்தக் கூத்தாடி, கேட்டதைக் கொடுத்தது: 100 கப்பலுக்கு மேல். அதோடு தளபதிகளில் ஒருவராக அவரையே அனுப்பியும் வைத்தது. எஸ்டிமேட்டைப் பெரிதாகப் போட்டால் வேலையைக் கைவிட்டுவிடுவார்கள் என்று நம்பிய கடைசிப் பொறியாளர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த அல்சிபியாடீஸுக்கு ஓர் ஆசான் இருந்தார். தெருத் தெருவாகச் செருப்பில்லாமல் நடந்து, அகப்பட்ட இளைஞனையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்பவர். ஏதென்ஸின் ஒரே குடிமையியல் வாத்தியார் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும். சாக்ரடீஸ். ஆனால் அரசியல் மேடைப் பக்கம் இவர் போவதில்லை. போகாதே என்று உள்ளேயிருந்து ஒரு தெய்வக் குரல் தடுக்கிறதாம். ஒரு தடவை குலுக்கலில் பேர் விழுந்து ஆட்சிக்குழுவுக்குப் போனார். வாக்கெடுப்பு நடத்தத் தெரியாமல் எல்லோரும் சிரித்தார்கள் என்று பிளேட்டோவின் நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார். நீச்சல் தெரியாதவர் நீச்சல் கோச் ஆவது நம் காலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாத்தியாரிடம் ஒருநாள் கிளாக்கோன் மாட்டினான். நல்ல குடும்பத்துப் பையன், தாத்தா பேரையே வைத்திருந்தார்கள். 20 வயது இன்னும் ஆகவில்லை, அதற்குள் நாட்டுக்குத் தலைவனாக வேண்டும் என்று வெறி. சபை மேடையில் ஏறுவான், பேச ஆரம்பிப்பான், ஊர் சிரிக்கும், கீழே இழுத்து இறக்குவார்கள். மறுபடி ஏறுவான். வீட்டில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள், கேட்பதாக இல்லை. குடும்பத்தில் யாராவது ஒருவர் இப்படி அமைந்துவிடுகிறார்கள்.

செனஃபோன் சொல்லும் காட்சியை என் வார்த்தைகளில் சொல்கிறேன். வாத்தியார் முதலில் திட்டவில்லை. ஐஸ் வைத்தார்.

"தம்பி, நாட்டுக்குத் தலைவராகப் போறீங்களாமே? பேஷ்! குடும்பத்துக்கு எவ்வளவு பெருமை! ஊரெல்லாம் உங்க பேர்தான்." பையன் உச்சி குளிர்ந்து நின்றுவிட்டான். அங்கேதான் தப்புச் செய்தான்.

"முதல்ல நாட்டைப் பணக்கார நாடா ஆக்குவீங்க இல்லையா? நம்ம வருமானம் எதெதிலிருந்து வருது, மொத்தம் எவ்வளவு?"

"அதை இன்னும் பார்க்கலைங்க ஐயா."

"பரவாயில்லை. செலவு? எதைக் குறைக்கலாம்?"

"அதுக்கு நேரமே கிடைக்கலைங்க. எதிரி நாட்டை ஜெயிச்சு அங்கேயிருந்து கொண்டுவந்துடலாமே."

"பிரமாதமான யோசனை. நாம பலசாலியா இருந்தா சரி. இல்லேன்னா இருக்கிறதும் போயிடும். நம்ம படை எவ்வளவு, அவங்க படை எவ்வளவு?"

"வாயால சொல்ல வராதுங்களே."

"எழுதி வச்சிருப்பீங்க, கொண்டுவாங்க."

"எழுதலைங்க."

எல்லைக் காவல் பற்றிக் கேட்டார். எல்லாக் காவலையும் தூக்கிவிடுவேன், ஒழுங்காகவே பார்ப்பதில்லை என்றான் கிளாக்கோன் வேகமாக. போய்ப் பார்த்தீர்களா? இல்லை, ஊகம்தான். வெள்ளிச் சுரங்கத்தில் முன்பைவிட ஏன் குறைவாகக் கிடைக்கிறது? அங்கே போனதில்லை. ஆமாம் ஆமாம், அந்தப் பக்கம் காற்று உடம்புக்கு ஆகாது என்கிறார்கள், அதையே காரணமாகச் சொல்லிவிடலாம் என்று வாத்தியாரே எடுத்துக் கொடுத்தார். ஐயா கிண்டல் பண்றீங்க என்று பையன் முனகினான். வாத்தியார் விடவில்லை. நம் நாட்டுத் தானியம் ஊருக்கு எத்தனை நாள் வரும், வெளியிலிருந்து எவ்வளவு வாங்க வேண்டும்? இதையெல்லாமா ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று மலைத்துப்போனான் கிளாக்கோன்.

கடைசிக் கேள்விதான் கேள்வி. ஊரில் பத்தாயிரம் வீட்டுக்கு மேல் இருக்கிறது, அத்தனையையும் ஒரேயடியாகக் கவனிப்பது கஷ்டம். முதலில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாமே, உங்கள் தாய்மாமன் வீடு இருக்கிறதே, அதைச் சரிசெய்து காட்டக் கூடாதா?

"செய்வேங்க. மாமா நான் சொன்னா கேட்கமாட்டாரே!"

மாமா ஒருவரைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. மாமாவும் சேர்ந்த மொத்த ஏதென்ஸையும் சம்மதிக்க வைக்கப் போகிறீர்களா? கிளாக்கோன் அரசியல் அத்தோடு முடிந்தது. குடும்ப வாட்ஸாப் குழுவில் மாமா அனுப்பும் தகவலுக்கு 'இது பொய்ச் செய்தி மாமா' என்று ஒரே ஒரு தடவை பதில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பையனின் வலி புரியும்.

இப்போது அந்த மாமாவைப் பார்ப்போம். பேர் சார்மிடீஸ். செனஃபோன் புத்தகத்தில் அடுத்த அத்தியாயமே அவரைப் பற்றித்தான். ஆள் விஷயம் தெரிந்தவர், தனியாகப் பேசினால் தங்கமான யோசனைகள் சொல்வார். ஆனால் கூச்சம். சபையில் ஏறமாட்டார். அவரிடம் போய் அதே வாத்தியார் நேர்மாறாகப் பேசினார். யாரைப் பார்த்து வெட்கப்படுகிறீர்கள்? அங்கே உட்கார்ந்திருப்பது யார்? வண்ணார், செருப்புத் தைப்பவர், தச்சர், கொல்லர், உழவர், மலிவாக வாங்கி விலைக்கு விற்கும் வியாபாரி. இவர்களைப் பார்த்தா பயம்? இறங்குங்கள் களத்தில்! மருமகனை மேடையிலிருந்து இழுத்தவர், மாமாவை மேடையில் பிடித்துத் தள்ளினார்.

மாமா இறங்கினார். எங்கே இறங்கினார் என்பதுதான் மேட்டர்.

கி.மு. 404-ல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. 30 பேர் கும்பல் ஒன்று ஆட்சியைப் பிடித்து மக்களாட்சியைக் கலைத்தது. தலைமை கிரிட்டியாஸ், இவரும் சாக்ரடீஸோடு சுற்றியவர், சார்மிடீஸின் நெருங்கிய உறவு. பிரேயஸ் துறைமுகத்தைக் கட்டுப்படுத்த அவர்கள் அமர்த்திய 10 பேரில் ஒருவர் நம் கூச்ச சுபாவி மாமா. அந்தக் கும்பல் கொன்றது 1,500 பேருக்குக் குறையாது என்கிறார் அரிஸ்டாட்டில். இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை. அடுத்த வருஷமே மக்களாட்சிப் படை துறைமுகத்தைப் பிடித்தது. அந்தச் சண்டையில் கிரிட்டியாஸும் சார்மிடீஸும் மாண்டார்கள்.

அந்த ஆட்சியில் நடந்த ஒரு கூத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரிட்டியாஸும் அவர் கூட்டாளியும் பழைய வாத்தியாரைக் கூப்பிட்டு, இனி இளைஞர்களோடு பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சாக்ரடீஸ் பவ்யமாக விளக்கம் கேட்டார்: இளைஞர் என்பது எத்தனை வயது வரை? 30 என்றார்கள். நான் கடைக்குப் போகிறேன், கடைக்காரனுக்கு 30 ஆகவில்லை என்றால் விலை கேட்கலாமா கூடாதா? சர்வாதிகாரம் என்றாலும் அதற்கும் ஒரு பொறுமை எல்லை உண்டல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவைத்தார்கள்.

சர்வாதிகாரிகள் விட்டுவைத்தவரை மக்களாட்சி விடவில்லை. கி.மு. 399. வழக்கு: ஊர் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார். வாத்தியாருக்கு வயது 70. சுமார் 500 நடுவர்கள், 30 வயதுக்கு மேற்பட்டவர்கள், தினப்படி 3 ஓபல். கெட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட வயதுக்காரர்களில் ஒருவருக்கும் இந்த வழக்கில் ஓட்டுக் கிடையாது.

வழக்குப் போட்டது யார்? அனிட்டஸ், லைக்கோன் எல்லாம் பின்னால் நின்றார்கள். முன்னால் நின்றவன் மெலிட்டஸ். அதிகம் பேருக்குத் தெரியாத இளைஞன். நீட்டு முடி, தாடி இன்னும் சரியாக வரவில்லை என்று பிளேட்டோவின் நூல் ஒன்றில் அவனுக்கு அங்க அடையாளமே இருக்கிறது. இளைஞர்கள் பொதுக் காரியத்துக்கு வரவில்லை, வரவில்லை என்று தவம் கிடந்தார்களே, இதோ ஒருவன் சொந்த விருப்பத்தில், கயிறு போட்டு இழுக்காமல், வந்துவிட்டான்.

30 ஓட்டு மாறியிருந்தால் சாக்ரடீஸ் தப்பியிருப்பார். குற்றவாளி என்று தீர்ப்பானதும், உங்களுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று அவரையே கேட்டார்கள், அது அங்கே வழக்கம். ஒலிம்பிக் வீரர்களுக்குப் போடுகிற மாதிரி அரசு மண்டபத்தில் ஆயுள் முழுக்க இலவசச் சாப்பாடு போடுங்கள் என்றார். நடுவர்கள் சிரிக்கவில்லை. நண்பர்கள் பதறி 30 மினா அபராதத்துக்கு ஜாமீன் நின்றார்கள். அப்புறம் மரண தண்டனைக்கு விழுந்த ஓட்டு, குற்றவாளி என்று சொன்ன ஓட்டைவிட அதிகம் என்றும் ஒரு தகவல் உண்டு. நிரபராதி என்று சொன்னவர்களே அந்தச் சாப்பாட்டு விஷயத்தில் கடுப்பாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜாமீன் நின்றவர்களில் 30 வயது ஆகாத ஒரு இளைஞர் இருந்தார். கிளாக்கோனின் அண்ணன் தம்பிகளில் ஒருவர். குருவுக்காக வாதாட அவர் மேடை ஏறினார் என்று பிற்காலத்தில் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை. 'இந்த மேடையில் ஏறியவர்களிலேயே நான்தான் வயதில் மிக இளையவன்' என்பதுபோல் ஆரம்பித்தாராம். முதல் வாக்கியம் முடியவில்லை. இறங்கு, இறங்கு என்று நடுவர்கள் கத்தினார்கள். இறங்கிவிட்டார். அவர் பேர் பிளேட்டோ.

இறங்கியவர் அதற்கப்புறம் ஏதென்ஸ் அரசியல் மேடையில் ஏறவே இல்லை. வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். பல வருஷம் கழித்து 'குடியரசு' வந்தது. அதில் ஒரு லட்சிய நாடு, அந்த நாட்டை ஆளுகிறவருக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் தெரியுமா? 50! அந்த நாட்டைப் பற்றி இரவெல்லாம் சாக்ரடீஸ் பேசுகிறார். எதிரே உட்கார்ந்து 'ஆமாம்', 'அப்படித்தான்', 'சந்தேகமென்ன' என்று பக்கம் பக்கமாகத் தலையாட்டுவது நம் பழைய சிநேகிதன் கிளாக்கோன். கதை நடக்கும் இடம், மாமா சார்மிடீஸ் பிற்பாடு அதிகாரம் செய்து மாண்ட அதே பிரேயஸ் துறைமுகம்.

கிரேக்க மூலத்தில் அந்தப் புத்தகத்தின் முதல் சொல்லுக்கு அர்த்தம்: 'இறங்கினேன்'. சாக்ரடீஸ் இறங்குகிறார், துறைமுகத்துக்கு, திருவிழா பார்க்க. கூடவே இறங்குகிறவன் கிளாக்கோன்.